மியூசிக் அகாடமியில் ஒரு நாள்: எந்த அரங்கு, எந்த நேரம், எந்த இருக்கை

டிசம்பர் சீசனுக்கு, அதாவது கர்நாடக இசை விழாக் காலத்துக்கு, முதன்முறை சென்னை வருகிறவர்களில் பலர் செய்வது ஒன்றே. மாலைக் கச்சேரி டிக்கெட்டுக்கு நாள் கணக்கில் அலைகிறார்கள். கிடைக்காவிட்டால் ‘அகாடமிக்குள் நுழையவே முடியாது’ என்று முடிவு கட்டி ஊர் திரும்புகிறார்கள். மாலைக் கச்சேரி என்பது அங்கே ஒரு நாளின் கடைசி இரண்டரை மணி நேரம் மட்டும்தான். காலை 8 மணிக்கே கதவு திறந்துவிடும். அந்த நேரத்திலும் நண்பகலிலும் உள்ளே போகக் காசு வேண்டாம். ஏன் இப்படி ஓர் அமைப்பு என்பது, அந்த நிறுவனம் பிறந்த விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

கச்சேரி நடத்தப் பிறந்த சபா அல்ல

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. இசைக்கென்று ஓர் அகாடமி வேண்டும் என்று அங்கே தீர்மானம் ஆயிற்று. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் அதைத் தொடங்கி வைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராம ராவ். செயலாளர்களில் ஒருவர் இ. கிருஷ்ணய்யர்.

கச்சேரி வைக்க அன்று சென்னையில் ஆள் இல்லாமல் இல்லை. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கு முன்பே இருந்தது. இவர்கள் எடுத்துக்கொண்ட வேலை வேறு: வித்வான்களையும் இசை அறிஞர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, ஒரு ராகத்துக்கு இலக்கணம் என்ன, எந்தப் பிரயோகம் செல்லும், எது செல்லாது என்று வாதிட வைப்பது. 1929 முதல் ஆண்டு மாநாடு, 1930 முதல் ஆய்விதழ், 1931 முதல் இசை ஆசிரியர் கல்லூரி என்று வரிசையாக வந்தன. மாநாட்டுக்கு வந்த வித்வான்கள் மாலையில் பாடினார்கள். இன்று நாம் ‘சீசன்’ என்று சொல்வது அந்தப் பாட்டிலிருந்து வளர்ந்ததுதான்.

காலையில் நடக்கும் விளக்க நிகழ்ச்சிகள், அதாவது எல்லோரும் லெக்டெம் என்று சொல்பவை, மாநாட்டின் மூல உருவம். நிறுவனத்தின் நடுத்தண்டு அது. அதைத் தவறவிட்டு மாலைக்கு மட்டும் போகிறவர் அகாடமிக்குப் போனதாகச் சொல்லலாம், மாநாட்டுக்குப் போனதாகச் சொல்ல முடியாது.

சங்கீத கலாநிதி விருதும் இதே வழியில் வந்ததுதான். மாநாட்டுக்குத் தலைமை தாங்க ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1942இல் அப்படித் தலைமை தாங்குபவருக்குச் சங்கீத கலாநிதி என்ற பட்டம் தருவதென்று முடிவாகி, முந்தைய ஆண்டுகளில் தலைமை ஏற்றவர்களுக்கும் அது வழங்கப்பட்டது. இன்றும் அந்த ஆண்டின் கலாநிதி காலை அமர்வுகளுக்குத் தலைமை வகித்து, ஒவ்வொரு லெக்டெம் முடிவிலும் தன் கருத்தைச் சொல்கிறார்; ஜனவரி 1 அன்று நடக்கும் சதஸ் என்ற விருது விழாவில் அதைப் பெறுகிறார். ஆகவே, மாலையில் டிக்கெட் கிடைக்காத பெரிய வித்வானைக் காலையில் சிறிய அரங்கில் சில அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பேச்சின் நடுவே ‘எங்கள் குருநாதர் இதை இப்படிப் பாடுவார்’ என்று அவர் இரண்டு வரி பாடிக் காட்டுவதும் உண்டு. அதற்கு மைக், பக்கவாத்தியம் எதுவும் தேவைப்படாது.

விருதுப் பட்டியலைப் பார்த்தே கலைஞர்களை எடை போடாதீர்கள். மிருதங்கத்துக்கு இது முதலில் போனது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பெண்களில் முதலாவதாக எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968இல், நாட்டியக் கலைஞர்களில் முதலாவதாக பாலசரஸ்வதிக்கு 1973இல். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் பாடகர் எம்.டி. ராமநாதனும் பட்டியலில் இல்லவே இல்லை. இந்த ஒரு வாக்கியம் போதும், மேலே விளக்கம் வேண்டாம்.

இன்னொரு வரலாறும் தெரிந்திருந்தால் நல்லது. 1940களில் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், ராஜாஜி, கல்கி போன்றோர் கிளப்பிய தமிழிசை இயக்கத்தோடு அகாடமி ஒத்துப்போகவில்லை. அதன் விளைவாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் அதற்கு இல்லமானது. டிசம்பரில் அங்கே தனியாக விழா நடக்கிறது. முழுக்கத் தமிழ்ப் பாடல்களே கேட்க விரும்புகிறவர், தேவாரப் பண்களில் ஆர்வமுள்ளவர் பயணத் திட்டத்தில் அந்த மன்றத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். அகாடமி மேடையில் இன்னமும் தெலுங்கும் வடமொழியும்தான் முன்னே நிற்கும். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் மையமான பிரதான உருப்படியாக வருவது முன்னைவிடக் கூடியிருக்கிறது. ஆனாலும் கடைசியில் சிறு பாடல்கள் வரும் துக்கடா பகுதியில்தான் அதற்கு அதிக இடம்.

இரண்டு அரங்குகள்

முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகாடமிக்குச் சொந்த அரங்கு கிடையாது. பந்தல்களிலும் பள்ளி வளாகங்களிலும் மாநாடு நடந்தது. கதீட்ரல் சாலையும் அன்றைய மௌபரீஸ் சாலையும் (இன்று டி.டி.கே. சாலை) சந்திக்கும் மூலையில் 1940களில் இடம் வாங்கினார்கள். 1955 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1962 டிசம்பரில் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் அரங்கைத் திறந்து வைத்தார். அதுதான் இன்றைய டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரங்கம்: கீழ்த்தளமும் பால்கனியும் சேர்ந்து ஏறக்குறைய 1,600 இருக்கைகள்.

இரண்டாவது, கஸ்தூரி ஸ்ரீனிவாசன் அரங்கம். எல்லோரும் சொல்வது ‘மினி ஹால்’. லெக்டெம் வழக்கமாக இங்கேதான். சீசன் இல்லாத மாதங்களில் இளம் கலைஞர்களின் கச்சேரிகளுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வாசலில் ‘அகாடமியில் கச்சேரி’ என்று கேட்டால் பெரிய அரங்குக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே நிகழ்ச்சி நிரலில் அரங்கின் பெயரைப் பார்த்துக்கொண்டு போங்கள். எட்டு மணி நிகழ்ச்சிக்குப் பெரிய அரங்கின் வெளியே பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, மினி ஹாலில் பாதியில் நுழைகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

எங்கே உட்கார்வது

பெரிய அரங்கில் முதல் சில வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. அதைப் பற்றி வருந்த வேண்டாம். மிக முன்னால் உட்கார்ந்தால் மேடையிலிருந்து நேரே வரும் ஒலியும் ஒலிபெருக்கியின் ஒலியும் சமமாகக் கலக்காது. பக்கவாட்டு ஓரங்களில், பக்கத்திலிருக்கும் பெட்டியின் ஒலி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்; குரல் பின்வாங்கி மிருதங்கம் ஓங்கும். கீழ்த்தளத்தில் நடு வரிசைகளின் மையப் பகுதி, பால்கனியின் விளிம்புக்கு முன்னால் முடிகிற இடம்: இதுதான் பெரும்பாலான காதுகளுக்கு உகந்தது. பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகளில் மேற்கூரையிலிருந்து திரும்பி வரும் ஒலி நின்றுவிடும். அங்கே முதலில் காணாமல் போவது தம்புராவின் நாதம். பாடகரின் குரல் கேட்கும், ஆனால் அது நிற்கும் தரை கேட்காது. அந்த இருக்கையா, பால்கனியின் முன்வரிசையா என்று தேர்வு வந்தால் பால்கனிக்கே போகலாம். விலையும் பெரும்பாலும் குறைவு, மேடை முழுதும் தெரியும்.

இடப்பக்கமா வலப்பக்கமா என்பது உங்கள் ஆர்வத்தைப் பொறுத்தது. மிருதங்கம் வாசிப்பவர் பாடகரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம், பாடகரைப் பார்த்தபடி உட்கார்வார். வலது கையால் வாசிப்பவருக்கு அந்த இடத்தில்தான் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்முகம், சபையை நோக்கி இருக்கும். சாதம் என்ற கரும்பசை போட்ட அந்தப் பக்கத்தின் நாதம் நேரே நமக்கு வரும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கை வாசிப்பு. அவர் எதிர்ப்பக்கம், வயலின்காரரின் இடத்தில், உட்கார வேண்டியிருந்தது; வயலின்காரர்கள் சிலர் இடம் மாற மறுத்தார்கள் என்பது சங்கீத உலகில் நன்கு தெரிந்த கதை. லயப் பிரியர்கள் இடப்பக்க மையத்தையும், வில்லின் போக்கைக் கவனித்துக் கற்கும் வயலின் மாணவர்கள் வலப்பக்க மையத்தையும் தேர்ந்துகொள்ளலாம்.

மினி ஹாலில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அங்கே திரையில் சுவரக் குறிப்பும் பழைய சுவடிப் பக்கங்களும் காட்டுவார்கள். எழுத்து படிக்கத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்தால் போதும்.

டிக்கெட்

பிரதான விழா டிசம்பர் 15 அன்று தொடங்கி ஜனவரி 1 வரை. இதற்கு இரண்டு வழி: சீசன் டிக்கெட், தினசரி டிக்கெட். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் பலர் வருடக் கணக்கில் அதே இருக்கையைப் புதுப்பித்து வருகிறவர்கள் என்பதால் புதியவர்களுக்கு மிச்சம் கொஞ்சமே. அறிவிப்பு வரும்போதே அகாடமியின் இணையதளத்தைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் பிறந்தபின் கேட்டால் பயனில்லை.

வெளியூரிலிருந்து மூன்று நான்கு நாள் வருகிறவருக்குத் தினசரி டிக்கெட்டே சரி. இணையத்திலும் அரங்க வாசலிலும் விற்பனை உண்டு. எந்த நாளுக்கு எப்போது திறக்கிறார்கள் என்பதையும் விலையையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். போன ஆண்டு விவரத்தை நம்பிப் போகாதீர்கள். முன்னணிப் பாடகர்களின் மாலைக்குக் கவுன்டர் திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும். நண்பரை அனுப்பி வாங்கச் சொல்வதானால் ஒருவருக்கு எத்தனை டிக்கெட் தருகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். குடும்பமாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு எளிய உத்தி: மாலை ஏழு மணி வரிசையில் நிற்காமல், நான்கு மணிக் கச்சேரியைக் குறிவையுங்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏழு மணிக்கு ஏறப்போகிறவர்கள் அந்த மேடையில்தான் இருப்பார்கள். அங்கே தங்களை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இருப்பதால் ஏனோதானோ என்று பாடுவது அரிது. ஏழு மணிக்கு அந்தக் கட்டாயம் எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நாளை எப்படிப் பிரிப்பது

நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு கால் மணி, அரை மணி நகரும். அடிப்படை வரிசை மாறாது. காலை 8 மணியளவில் லெக்டெம். அது முடிந்ததும் காலைக் கச்சேரி. நண்பகல் 12 மணியையொட்டியும், அடுத்து 2 மணிக்குச் சற்று முன்னும் இளையவர்களின் கச்சேரிகள். இவற்றுக்கு டிக்கெட் இல்லை. பிறகு 4 மணி, கடைசியாக 7 மணியையொட்டி மூத்த கலைஞர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க முயலாதீர்கள். காது சோர்ந்தபின் கேட்கும் கல்யாணி ராகமும் சங்கராபரண ராகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். லெக்டெம், மதியத்தில் ஒரு இலவசக் கச்சேரி, பிறகு நான்கு அல்லது ஏழு மணியில் ஒன்று: ஒரு நாளுக்கு இது நிறைவான அளவு. இடையில் இரண்டு மணி நேரம் சத்தமில்லாத இடத்தில் இருங்கள். கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

மதியக் கச்சேரியைச் சிறியவர்களின் பயிற்சி என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். அந்த நேரத்தில் பாடியவர்களிலிருந்து சிறந்தவர்களுக்குப் பரிசு தருகிறார்கள். அடுத்த படிக்கு ஏறுவதும் அதைப் பொறுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு வர்ணம், இரண்டு கிருதிகள், விரிவான ஒரு பிரதானம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், ஒரு துக்கடா என்று அடக்க வேண்டும் என்பதால் தொகுப்பில் சவசவப்பு இருக்காது.

கேன்டீன். சீசனின் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான், ஆகவே நாம் குறைவாகவே சொல்வோம். நான்கு மணிக் கச்சேரி முடிந்து ஏழு மணி தொடங்கும் முன் கூட்டம் மொத்தமும் அங்கே வரும். அப்போது போனால் இலையில் உட்காரவே நேரம் போய்விடும். மதியம் பன்னிரண்டரைக்கு முன்போ, மாலை ஐந்தரை வாக்கிலோ போனால் நிம்மதி.

போக வர: மாலையில் டி.டி.கே. சாலையில் வாகனம் நகராது, வளாகத்தில் நிறுத்த இடமும் கிடைக்காது. ஏ.ஜி-டி.எம்.எஸ். மெட்ரோ நிலையத்திலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர், ஆட்டோ பிடிக்கலாம். கச்சேரி முடிந்து இரவில் எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே வரும்போது வாசலில் நின்று ஆட்டோ தேடாமல், கொஞ்ச தூரம் நடந்து மறுபுறம் போய்க் கூப்பிடுங்கள். பெரிய அரங்கில் குளிர்சாதனம் பலமாக இருக்கும். டிசம்பர்தானே, சென்னைதானே என்று மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள் ராகம் தானம் பல்லவி என்ற நீண்ட உருப்படியின் நேரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு சால்வை வேண்டும்.

கச்சேரியைப் பின்தொடர்வது

புதிதாகக் கேட்கிறவருக்கு ராகப் பெயர் தெரியாதது பெரிய தடை அல்ல. தாளம் தெரியாததுதான் தடை. இதைக் கற்க அரை மணி போதும்.

ஆதி தாளம்: தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. ரூபகம் வழக்கத்தில் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்று. மிச்ர சாபு ஏழு, மூன்றும் நான்குமாக. கண்ட சாபு ஐந்து, இரண்டும் மூன்றுமாக. மேடையில் பாடகரின் கையைப் பார்த்தே இவற்றைப் பிடித்துவிடலாம்.

தவறு வருவது இங்கே: பிரதான உருப்படி பல சமயம் ‘இரண்டு களை’யில் இருக்கும். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு விரலும் இரண்டு முறை வரும், எட்டு பதினாறாகும். இது தெரியாமல் நாம் ஒற்றையாக எண்ணிக்கொண்டிருந்தால், பாடகரின் கை தாமதமாகப் போவதுபோலத் தோன்றிக் குழம்பிப் போவோம். அவர் சுண்டு விரலை இரண்டு முறை தொடுகிறாரா என்று பாருங்கள். அதுவே அடையாளம். பல சமயம் பாட்டு தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்காது; அரை அல்லது முக்கால் எண்ணிக்கை தள்ளித் தொடங்கும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். நிரவலுக்கும் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) சுவரத்துக்கும் (அந்த வரிக்கு ச ரி க என்று கற்பனையாகப் பாடுவது) எந்த வரியை எடுத்தார், அது தட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஆரம்பித்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது தனி ஆவர்த்தனத்தில் கைகொடுக்கும். மிருதங்கமும் கஞ்சிராவும் அல்லது கடமும் மாறி மாறி வாசித்து, பிறகு சுற்றுகளைக் குறுக்கிக்கொண்டே வந்து, முடிவு நெருங்குவதைக் காட்டும் மோராவைச் சேர்ந்து வாசித்து, கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டை மூன்று முறை வைப்பார்கள். மூன்றாவது முறை கோர்வை முடிகிற இடம், பாடகர் விட்ட வரியின் எடுப்பு. அவர் அங்கேயே வரியைப் பிடித்துக்கொள்வார். எடுப்பை நினைவில் வைத்திருந்தால், அந்தக் கடைசி எண்ணிக்கைகளில் எங்கே போய் விழப்போகிறார்கள் என்பது உங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சபையில் கை தட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கணக்கிட்டுத் தட்டுகிறார்கள் என்பது தனிக் கேள்வி.

இரண்டரை மணி நேரக் கச்சேரியில் பிரதான உருப்படி பெரும்பாலும் ஒரு மணி நேரம் கழிந்தபின் வரும். இந்த அமைப்பு, வர்ணம், விறுவிறுப்பான சில கிருதிகள், விரிவான ஆலாபனையோடு பிரதானம், தனி, பிறகு பல்லவியோ துக்கடாக்களோ, கடைசியில் மங்களம் என்பது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய பாணி. நேரம் தெரிந்தால் எப்போது வெளியே போகலாம், போகக்கூடாது என்பதும் தெரியும்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் காபி குடிக்க எழுவது அகாடமியில் மட்டுமல்ல, எல்லா சபாக்களிலும் உள்ள பழைய கெட்ட பழக்கம். மிருதங்க வித்வானுக்கு முகத்தில் அடித்ததுபோல. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு மட்டுமே தெரியும். அவசியம் போக வேண்டியவர் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது போய்விடலாம். தாமதமாக வருகிறவரும் அந்த இடைவெளிக்காகக் கதவருகே நிற்க வேண்டும்; ஆலாபனை நடுவே வரிசையைக் கடந்து போகக்கூடாது. தாளம் போடுவதானால் தொடையின் மேல் மெதுவாக. முன் இருக்கையின் முதுகில் தட்டினால் அங்கே இருப்பவருக்கு அது தனி ஆவர்த்தனமாகக் கேட்கும். கைபேசியில் பதிவு செய்ய அனுமதி இல்லை, திரை வெளிச்சமே பக்கத்து வரிசைகளைக் கெடுக்கும். ராகம் தெரியாவிட்டால் சிறு நோட்டில் பாட்டின் முதல் சொல்லை எழுதி வைத்துக்கொண்டு இடைவேளையில் தேடுங்கள்.

லெக்டெமுக்குத் தயாராவது

விஷயம் தெரியாமல் போய் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் காற்றோடு போகும். முதல் நாளே நிரலில் தலைப்பைப் பாருங்கள். ஒரு ராகத்தைப் பற்றியதாக இருந்தால் அந்த ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை எழுதி வைத்துக்கொண்டு, நன்கு தெரிந்த இரண்டு பாடல்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு வாக்கேயக்காரரை, அதாவது பாடல் இயற்றி இசையமைத்தவரை, பற்றியதானால் அவர் காலம், ஊர், சீடர் வரிசை போதும்.

அகாடமியின் ஆய்விதழ் தொகுதிகள் இணையதளத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் அந்த ஆண்டு மாநாட்டின் நடவடிக்கைகள் இருக்கும். குறிப்பாக 1930களின் தொகுதிகளில் ராக இலக்கண விவாதங்களைப் பாருங்கள். ஒரே ராகத்துக்கு இரண்டு பாடாந்தரங்களை, அதாவது பாடும் மரபுகளை, வித்வான்கள் பாடிக் காட்டி, நிபுணர் குழு கடைசியில் எதை ஏற்றுக்கொண்டது என்று வரிவரியாக இருக்கும். நெடுங்காலம் செயலாளராக இருந்த டாக்டர் வி. ராகவனின் காலத்துத் தொகுதிகளில் சுவடி ஆராய்ச்சி கூடுதல். 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை 1961 முதல் தமிழ் எழுத்தில் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்ததும் அகாடமிதான். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் பற்றிய லெக்டெமில் பேச்சாளர் ‘எஸ்.எஸ்.பி.’ என்று சொன்னால் அதைத்தான் சொல்கிறார்.

அமர்வு முடிவில் முதலில் நிபுணர் குழுவினர் பேசுவார்கள், பிறகுதான் சபையிலிருந்து கேள்வி. நேரம் கொஞ்சமே இருக்கும். கேள்வி ஒரே வாக்கியமாக இருக்கட்டும். தன் குருவின் பெருமையைச் சொல்லி நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர் அடுத்தவர் கேள்வியைத் தின்றுவிடுகிறார்.

டிக்கெட் கிடைக்காத மாலைகள்

அதே டி.டி.கே. சாலையில் தெற்கே போனால் நாரத கான சபா. தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும். மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாடவீதியில் பாரதிய வித்யா பவன். பின்னதில் டிக்கெட் இல்லாத கச்சேரிகள் அதிகம். ஒரு முன்னணிக் கலைஞர் சீசனில் அகாடமியில் ஒருமுறைதான் பாடுவார். மற்ற சபாக்களில் அவரையே நாலைந்து முறை கேட்கலாம். அகாடமியில் நேரக் கட்டுப்பாட்டோடு, பல்லவியைப் பிரதானமாக வைத்துக் கவனமாகத் தொகுத்துப் பாடுகிறவர், சின்ன அரங்கில் ரசிகர்கள் பாட்டு கேட்டு அனுப்பும் சீட்டுக்கு இணங்கி வேறொரு முகம் காட்டுவதும் உண்டு.

சீசன் முடிந்த பிறகு வருகிறவருக்கு ஜனவரி 3 முதல் 9 வரை நாட்டிய விழா. இது 2007 முதல் நடக்கிறது. நாட்டியத்துக்கும் இந்த மேடைக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. சதிர், அதாவது பரதநாட்டியத்தின் பழைய வடிவம், ஆடுவதே இழுக்கு என்று பேசப்பட்ட நாட்களில், 1931இலும் 1933இலும் இ. கிருஷ்ணய்யர் முயற்சியால் அகாடமி கல்யாணி அம்மாளின் புதல்வியரை மேடையேற்றியது. நாட்டியத்துக்கு இருக்கைக் கணக்கு மாறும்: ஒலியைவிடப் பாத அசைவு முக்கியம் என்பதால் பால்கனியின் முன்வரிசை அல்லது கீழ்த்தளத்தில் நடுவுக்குச் சற்றுப் பின். முதல் வரிசைகளில் மேடையின் உயரம் கணுக்காலை மறைத்துவிடும்.

ஆண்டின் மற்ற மாதங்களில் வருகிறவர் அகாடமியின் நூலகத்தையும் டேக் டிஜிட்டல் ஒலிக்காப்பகத்தையும் பார்க்கலாம். பழைய கச்சேரிப் பதிவுகளைத் தொடுதிரையில் தேர்ந்தெடுத்து அங்கேயே உட்கார்ந்து கேட்கும் ஏற்பாடு. பிரதி எடுத்துப்போக முடியாது. திறந்திருக்கும் நேரத்தையும் அனுமதி விதிகளையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, எந்தக் கலைஞர், எந்த ராகம் என்று தேட வேண்டிய பட்டியலை முன்பே எழுதி எடுத்துப் போங்கள். பட்டியல் இல்லாமல் போனால் தேடுவதிலேயே நேரம் தீர்ந்துவிடும்.